நூறு எம்பிபிஎஸ் போதும்

அன்புள்ள அபிராமிக்கு,

மாமா எழுதுகிறேன். அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்களோடு பேசும்போது உன் குரல் வெட்டி வெட்டிப் போகிறதாம், ஆடிட்டில் மார்க் குறைக்கிறார்களாம், அதனால் நூறு எம்பிபிஎஸ் பிளானை முந்நூறுக்கு மாற்றப் போகிறாயாம். உன் அம்மா போனில் சொன்னாள். பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. தொலைபேசித் துறையில் இருந்து ரிட்டையர் ஆனவன், கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

பேச்சுக்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை அம்மா. ஜி.711 என்கிற பழைய முறையில் உன் குரலை நொடிக்கு 8,000 தடவை அளந்து, 64 கிலோபிட் எண்களாக்கி, 20 மில்லிசெகண்டுக்கு ஒரு துண்டாக நறுக்கி, நொடிக்கு 50 பாக்கெட்டாக அனுப்புகிறார்கள். ஒவ்வொரு பாக்கெட்டின் மேல் எழுதும் விலாசத்தையும் சேர்த்தால் 80 கிலோபிட். 2012-இல் வந்த ஓபஸ் முறைக்கு இதில் பாதியே தாராளம். உன் நூறு எம்பிபிஎஸ்ஸில் ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் பேசலாம். ஆயிரம் பேருக்குப் போதுமானது உன் ஒருத்திக்குப் போதாமல் போகுமா?

குரல் கேட்பது நேரந்தவறாமையை. அந்த ஐம்பது பாக்கெட்டும் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் போய்ச் சேர வேண்டும். பிந்தி வந்த பாக்கெட்டை எதிர்முனை மென்பொருள் தூக்கி எறிந்துவிடும். அதற்குள் பேச்சு அடுத்த சொல்லுக்குப் போயிருக்கும். மெயிலில் ஒரு துண்டு தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், பேச்சில் அதற்கு நேரமில்லை. இன்சூரன்ஸ்காரர்களிடம் பில் பாக்கி கேட்கிற உன் ஏ.ஆர். காலிங் வேலையில் இது இன்னும் மோசம். சாதாரண அரட்டையில் ஒரு அசை போனால் காது தானே நிரப்பிக்கொள்ளும். மெம்பர் ஐடியிலும் பிறந்த தேதியிலும் அப்படி ஊகிக்க முடியாது. ஃபிஃப்டீன் ஃபிஃப்டி ஆனால் ஒரு கிளெய்ம் போயிற்று.

உன் பாக்கெட் பயணத்தில் உன் கையில் இல்லாத பங்கு ஒன்று உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். சென்னையில் இருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் 2002 முதல் இயங்கும் ஐ2ஐ கேபிள் மட்டுமே சுமார் 3,200 கிலோமீட்டர். அமெரிக்காவுக்கு எந்தப் பக்கம் சுற்றினாலும் பதினைந்தாயிரத்துக்குக் குறையாது. வழியில் உள்ள கருவிகளையும் சேர்த்தால் ஒரு வழிக்கே 100 மில்லிசெகண்டைத் தாண்டிவிடும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமோ, ஒரு வழித் தாமதம் 150-க்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது. பெரும்பங்கைக் கடலே எடுத்துக்கொண்டது. மீதி இருக்கிற கொஞ்சத்தை வீட்டுக்குள் வீணடிக்காமல் இருப்பதுதான் நம்மால் ஆகக்கூடியது. (ஆபீஸ் விபிஎன் வேறு பெங்களூரைச் சுற்றிக்கொண்டு போகிறதா என்று உங்கள் ஐடி ஆட்களிடம் கேட்டு வை.)

எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிக்க லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் என்கிற கருப்புத் திரையைத் திறந்து மூன்று இடங்களுக்கு பிங் போடு, போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று அது காட்டும்: முதலில் உன் ரவுட்டருக்கு, பிறகு இன்டர்நெட் கம்பெனிக்காரனின் முதல் கேட்வேக்கு, கடைசியாக வெளியே எங்காவது. நிறுத்தாமல் ஓடவிட்டு, ஷிஃப்ட் நேரத்திலேயே பார். பகல் பதினோரு மணிக்குப் பார்த்து எல்லாம் சரி என்றால் அதற்கு அர்த்தமே இல்லை. நீ வேலை பார்க்கும் மாடி அறைக்கும் கீழே டிவி பக்கத்தில் இருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் வர வேண்டியது 80, 200 என்று குதித்தால், இன்டர்நெட் கம்பெனியைத் திட்டாதே. கோளாறு உன் மாடிப்படியில் இருக்கிறது.

அப்படித்தான் இருக்கும் என்று நான் பந்தயமே கட்டுவேன். திருமுல்லைவாயலில் உங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. ஊரே சீரியலும் ஐபிஎல்லும் பார்க்கிற நேரத்தில்தான் நியூயார்க்கில் ஆபீஸ் திறக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் சுத்தமாக இருக்கும், ஆனால் கான்கிரீட் தளத்தைத் துளைத்து மேலே வருவதற்குள் களைத்துவிடும். ஆகவே ரவுட்டரில் இருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடு. சில நூறு ரூபாய்ச் செலவு. முந்நூறு எம்பிபிஎஸ் பிளானுக்கு மாதாமாதம் கட்டப்போகிற கூடுதல் பணத்தைவிட இது நூறு மடங்கு பயன் தரும்.

ரவுட்டர் வரை சரி, வெளியேதான் தாமதம் என்றால் அடுத்த சந்தேகம் உன் வீட்டு ஆட்கள் மேல். தம்பி கல்லூரியில் இருந்து வந்ததும் அவன் போன் அன்றைய போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் கூகுளுக்கு ஏற்ற ஆரம்பிக்கும். உன் அப்பா வாசலில் மாட்டிய கேமரா ராத்திரி முழுக்க மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். மோடம் இவற்றையெல்லாம் ஒரு நீண்ட வரிசையில் நிற்க வைக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட சைக்கிள்காரன் கதைதான் உன் குரலுக்கு. ரோட்டை அகலப்படுத்தினாலும் லாரிகள் வந்து அதையும் நிரப்பும். சைக்கிளுக்கு முன்னே போக வழி விட வேண்டும். 2010-இல் ஜிம் கெட்டிஸ் என்கிற அமெரிக்கப் பொறியாளர் தன் வீட்டில் பெரிய கோப்புகளை ஏற்றும்போது இணைப்பு முழுவதும் தள்ளாடுவதைப் பார்த்துத் துருவிப் போனார். கருவிகள் எல்லாவற்றிலும் அளவுக்கு மீறிய வரிசைகளை வைத்திருந்ததுதான் காரணம் என்று தெரிந்தது. அதற்கு பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார். 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் வரிசையை அடக்கி வைக்கிற கோடெல் முறையைக் கொடுத்தார்கள். அதை வீட்டு ரவுட்டர்கள் வரை கொண்டு சேர்க்கப் பாடுபட்டவர்களில் டேவ் டாட் முக்கியமானவர், 2025-இல் காலமானார். இவர்கள் பெயரெல்லாம் ஸ்பீடு டெஸ்ட் விளம்பரத்தில் வராது.

நம் கேபிள்காரர் கொடுத்த பெட்டியில் வரிசையை அடக்குகிற அந்த வசதி இருக்காது. எஸ்க்யூஎம் என்கிற பெயரில் அது உள்ள ரவுட்டர் வாங்கினால், அதில் வேகத்தை உன் லைனின் உண்மையான வேகத்தைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் குறைத்து வை. குறைத்தால்தான் வரிசை உன் ரவுட்டரில் நிற்கும், அதை அது ஒழுங்குபடுத்தும். அதுவரை தம்பியிடம் சொல்லி போட்டோ பேக்கப்பை விடிகாலைக்கு மாற்றச் சொல். இதற்குக் காசே ஆகாது, வீட்டில் சண்டைதான் ஆகும்.

பேச்சு ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது, அல்லது சொல்லாமல் கொள்ளாமல் கட்டாகிறது என்றால் ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி என்று ஒரு தேர்வு இருக்கும், அணைத்துவிடு. உதவி செய்கிறேன் என்று வந்து காரியத்தைக் கெடுக்கிற பேர்வழி அது.

புளூடூத் ஹெட்செட்டை இந்த வேலைக்குத் தொடாதே. பாட்டுக் கேட்கும்போது அருமையாக இருக்கும். மைக்கை இயக்கிய அந்த நொடியே அது பெரும்பாலும் பழைய போன் தரத்துக்கு இறங்கிவிடும். வயர் உள்ள யூஎஸ்பி ஹெட்செட் போதும். வெறும் சுவரும் மொசைக் தரையுமாக உள்ள அறை குரலை எதிரொலிக்கும், ஒரு கனமான திரையாவது மாட்டு. அரக்கோணம் லோக்கல் ரயில் சத்தத்தை மென்பொருள் ஓரளவு அடக்கிவிடும்.

வீட்டுக்கு வெளியே உள்ள கண்ணாடி இழையைப் பற்றி இரண்டு வார்த்தை. ஈபி கம்பத்தில் இருந்து பால்கனிக்குத் தொங்கி வரும் அந்தக் கறுப்பு வயரை ஆணியில் சுற்றி மடக்கியிருந்தால் ஒளி அங்கேயே கசியும். மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று ஒரு எண் வரும். மைனஸ் 27-ஐ நெருங்கினால் கேபிள்காரரைக் கூப்பிட்டுப் பவர் மீட்டரோடு வரச் சொல். "ஸ்பீடு வருதே மேடம்" என்பார். எண்ணைக் காட்டு. பூந்தமல்லிப் பக்கம் மெட்ரோ வேலை நடந்த வருஷங்களில் தோண்டத் தோண்ட அறுந்த கேபிள்களைப் பார்த்தவன் சொல்கிறேன், உனக்கு இரண்டாவது வழி ஒன்று வேண்டும். வேறு கம்பெனி சிம் ஒன்றைப் போனில் வைத்துக்கொள், ஹாட்ஸ்பாட் போட்டு ஒரு முறை ஒத்திகையும் பார்த்துவிடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் எஸ்டேட்டே தண்ணீரில் நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி நாளில் எந்த வழியும் உதவாது, லீவு சொல்வதுதான் மரியாதை. சாதாரண கரன்ட் கட்டுக்கு மோடத்துக்கென்றே விற்கிற 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் வாங்கு. இன்வெர்ட்டர் இருந்தாலும் வாங்கு. அது மாறுகிற கண்ணிமைப்பில் மோடம் அணைந்து, மறுபடி எழுந்து வர இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். முக்கால் மணி நேரம் ஹோல்டில் காத்திருந்து பிடித்த ஆள் போய்விடுவார்.

இதையெல்லாம் உன் தலையிலேயே கட்டுகிறேன் என்று நினைக்காதே. 2020 மார்ச்சுக்கு முன்னால் கால் சென்டர் ஆளை வீட்டில் இருந்து பேசவிட, நிறுவனம் அரசுக்கு ஒரு கோடி ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டியிருந்தது. கொரோனா வந்ததும் அதைத் தள்ளி வைத்தார்கள்; 2020 நவம்பரில் விதிகளையே தளர்த்தினார்கள், 2021 ஜூனில் இன்னும். நிறுவனங்களுக்கு வாடகை மிச்சம், கரன்ட் மிச்சம், இரவு கேப் மிச்சம். மிச்சமானதில் ஒரு ஹெட்செட்டும் குட்டி யூபிஎஸ்ஸும் கேட்பது பேராசை இல்லை. பிங் ஓடிய திரையை மணி தெரிகிற மாதிரிப் படம் எடுத்து வைத்து, டீம் லீடுக்கு மெயிலில் அனுப்பு. வாயால் சொன்னால் சாக்கு என்பார்கள். லைன் செய்த கோளாறுக்கு உன் உச்சரிப்பில் மார்க் குறைத்தால், திருத்தச் சொல்லிக் கேள். எங்கள் காலத்திலும் இரைச்சல் லைனில் இருக்கும், திட்டு ஆபரேட்டர் பெண்ணுக்கு விழும்.

இன்னொன்று பழக்கம். கடல் தாண்டிய பேச்சில் ஒரு வாக்கியம் முடித்ததும் அரை நொடி பொறு. பதில் வரவில்லையே என்று "ஹலோ, ஹலோ" என்றால் அது அவர் பதிலின் மேல் போய் விழும், இரண்டு பேரும் நிறுத்துவீர்கள், இரண்டு பேரும் மறுபடி ஆரம்பிப்பீர்கள்.

கேபிளுக்கு ரிச்சி தெருவுக்குப் போவதானால் சனிக்கிழமை போ, ஞாயிறு பாதிக் கடை சாத்தியிருக்கும். கேட் 6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்கு. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதையும் அதே பெயரில் விற்பார்கள். படிக்கட்டு வளைவையும் சேர்த்து அளந்துகொண்டு போ, இரண்டு மீட்டர் கூடவே இருக்கட்டும். கனெக்டர் போட ஆள் தேடாதே, கிரிம்பிங் டூல் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
மாமா
அம்பத்தூர் ஓ.டி.