ஆறு மாத விசாவும் வொண்டில் ஆறும்



ஊரிலிருந்து அம்மாவையும் அப்பாவையும் ஆறு மாத விசாவில் அழைப்பது எம்மவர் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. முதல் இரண்டு கிழமைகள் கோயில், உறவினர் வீடுகள், பக்கிங்ஹாம் மாளிகை, தேம்ஸ் பாலங்கள் என்று ஓடிவிடும். அதன்பின் மகனும் மருமகளும் வேலைக்கு, பேரப்பிள்ளைகள் பாடசாலைக்கு. பெரியவர்கள் பூட்டிய வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால். ஆறாம் கிழமை, "தம்பி, எப்ப எனக்கு ரிக்கற் போடப்போறாய்?" என்ற கேள்வி வந்துவிடும்.

கணக்காளன் என்பதால் ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆறு மாதம் என்பது ஏறக்குறைய 180 நாட்கள். இடம் பார்க்க 20 நாள் போதும். மீதி 160 நாட்களை என்ன செய்வது? கோலியர்ஸ் வுட்டை அண்டி வாழும் குடும்பங்களுக்கு, நடந்துபோகும் தூரத்திலேயே இதற்கு விடை இருக்கிறது.

1. காலாற நடந்து பார்க்கக்கூடியவை

கோலியர்ஸ் வுட் நிலக்கீழ் ரெயில் நிலையம் 1926 செப்ரெம்பர் 13இல் திறக்கப்பட்டது. கட்டியவர் சாள்ஸ் ஹோல்டன் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். அங்கிருந்து சில நிமிட நடையில் வொண்டில் ஆறு. குறொய்டன், கார்ஷல்ட்டன் பக்கம் ஊற்றெடுத்து, சுமார் 14 கிலோமீற்றர் ஓடி, வொன்ட்ஸ்வேர்த்தில் தேம்ஸுடன் கலக்கிறது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர வேறு ஆறு அறியாத யாழ்ப்பாணத்தவருக்கு, வருடம் முழுவதும் நீர் ஓடுவதைப் பார்ப்பதே ஒரு காட்சி.

ஆற்றோரம் மேர்ட்டன் அபி மில்ஸ் இருக்கிறது. லிபேர்ட்டி நிறுவனம் 1972 வரை பட்டுத் துணி அச்சிட்ட இடம் இது. பழைய நீர்ச்சில்லை இன்றும் பார்க்கலாம். அதற்கு அருகில்தான் 1881இல் வில்லியம் மொறிஸ் தமது துணித் தொழிற்சாலையை நிறுவினார். அவுரி நீலமும் மஞ்சிட்டி இனத்து வேரின் சிவப்பும் அவர் விரும்பிய சாயங்கள். தமது அச்சுத் துணியொன்றுக்கு 1884இல் 'வொண்டில்' என்றே பெயரிட்டார். ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் கிண்டியெடுத்த வரலாறு தெரிந்த தாத்தாவுக்கு, இங்கே நின்று பேரனுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

பக்கத்து பெருவீதிக்கு அடியில் மேர்ட்டன் துறவிமடத்தின் அத்திவாரம் பாதுகாக்கப்படுகிறது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மடம் அது. 1236இல் இங்கு கூடிய சபை இயற்றிய சட்டம், இங்கிலாந்தின் மிகப் பழைய சட்டங்களில் ஒன்று. 1538இல் எட்டாம் ஹென்றி மடத்தை மூடி, அதன் கற்களைத் தமது நொன்சச் மாளிகைக்குக் கொண்டுபோனார். 1621இல் நல்லூர்க் கோயில் இடிக்கப்பட்ட கதையை அறிந்த எமது பெரியோருக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

2. எமக்கு முன் வந்தவர்கள்

பிரான்சில் 1685இல் புரொட்டஸ்தாந்து மதத்தவரின் உரிமைகள் பறிக்கப்பட்டன. 'ஹியூகெனோ' எனப்பட்ட அந்த மக்கள் அகதிகளாகக் கடல் கடந்தனர். அவர்களில் ஒரு பகுதியினர் வொண்டில் தேம்ஸுடன் சேரும் வொன்ட்ஸ்வேர்த்தில் குடியேறித் தொப்பி செய்தல் போன்ற தொழில்களைச் செய்தார்கள். வொன்ட்ஸ்வேர்த் நகரசபையின் குலச்சின்னத்தில் நீலக் கண்ணீர்த்துளிகள் வரையப்பட்டுள்ளன. அவை அந்த அகதிகளின் கண்ணீர். எம்மவர் கடைகள் நிறைந்த ரூட்டிங் அந்த நகரசபைக்கு உட்பட்டதே. அகதிகளின் துயரம் ஒரு நகரத்தின் சின்னத்தில் ஏறியது, அவர்கள் இங்கே தங்கிக் கைத்தொழில் செய்ததால்தான். வேடிக்கை பார்த்துப் போனவர்களின் பெயர் எங்கும் பதிவதில்லை.

3. தொண்டு செய்ய அனுமதி உண்டா?

உண்டு, வரம்புக்குள். சாதாரண விசிற்றர் விசாவில் வந்தவர், தமது வருகையின் முக்கிய நோக்கம் அதுவாக இல்லாவிட்டால், பதிவுபெற்ற தர்ம ஸ்தாபனத்துக்கு மொத்தம் 30 நாட்களுக்கு மேற்படாமல் தொண்டு செய்யலாம். சம்பளம் கூடாது. தெரிந்தவரின் கடையில் 'சும்மா உதவிக்கு' நிற்பது தொண்டு அல்ல, அது வேலை. காசு வாங்காவிட்டாலும் வேலைதான். ஆகவே ஒரு கொப்பியில் திகதியும் இடமும் எழுதிவையுங்கள். கிழமைக்கு ஒரு நாள் போனால், ஆறு மாதத்துக்கு 26 நாட்கள். கணக்கு வரம்புக்குள் நிற்கும்.

அகதி விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருப்பவர்களும் தர்ம ஸ்தாபனங்களில் தொண்டு செய்யலாம். 2009இல் நான் அப்படிக் காத்திருந்தேன். பட்டம் இருந்தது, வேலை செய்ய அனுமதி இல்லை. சனிக்கிழமைகளில் ஒரு சிறு தர்ம ஸ்தாபனத்தின் கணக்குப் புத்தகத்தை எழுதிக் கொடுத்தேன். பஸ் காசு மட்டும் தந்தார்கள். ஒருமுறை காய்ச்சலால் போகவில்லை. மாலையில் அங்கிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா போன் எடுத்து, "ஏன் வரவில்லை, சுகமா?" என்று கேட்டார். இந்த நாட்டில் என்னை ஒருவர் எதிர்பார்த்திருந்தார் என்று அன்றுதான் அறிந்தேன். பூட்டிய வீட்டில் இருக்கும் எமது அம்மா அப்பாவுக்கும் தேவைப்படுவது இதுவே.

4. எங்கே போகலாம்?

வொண்டில் ஆறு 1960களில் சாக்கடை என்று வகைப்படுத்தப்பட்டிருந்தது. இன்று அதில் மீண்டும் மீன்கள் வாழ்கின்றன. பல ஆண்டுகளாகத் தொண்டர்கள் ஆற்றில் இறங்கிப் பழைய ரயர்களையும் கடைத் தள்ளுவண்டிகளையும் இழுத்தெடுத்ததும் அதற்கு ஒரு காரணம். ஊரில் நாம் செய்த சிரமதானமேதான். இளையோர் ஆற்றில் இறங்கலாம், பெரியவர்கள் கரையில் குப்பை பொறுக்கலாம்.

மோர்டன் ஹோல் பூங்கா நஷனல் ட்ரஸ்ற்றுக்குச் சொந்தமானது. அதன் ரோசாத் தோட்டம் யூன் மாதத்தில் பார்க்க வேண்டியது. பக்கத்திலே ஆடு, கோழி வளர்க்கும் டீன் சிற்றி பண்ணை. இரண்டு இடங்களிலும் தொண்டர்கள் வேலை செய்கிறார்கள். தோட்டமும் ஆடும் கண்ட எமது பெரியோருக்குப் புல்லுப் பிடுங்க ஆங்கிலம் வேண்டாம். முதல் நாள் பிள்ளைகளில் ஒருவர் கூடப்போய்ப் பெயர் பதிந்து, விசா விபரத்தையும் சொல்லிவிட வேண்டும். கோயிலில் பூமாலை கட்டுவதும் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுவதும் இருக்கவே இருக்கின்றன. அப்பர் சுவாமிகள் உழவாரம் ஏந்தியது முதுமையிலும்தான் என்பதை மறக்கவேண்டாம்.

வீட்டில் கலந்துரையாட

1. அம்மம்மாவின் ஊரில் கிணறு, குளம் இறைத்துத் துப்புரவாக்கியது யார்? எப்போது?
2. ஹியூகெனோ மக்களுக்கும் எமக்கும் உள்ள ஒற்றுமைகள் எவை? வேற்றுமைகள் எவை?
3. இந்த மாதம் தாத்தா பாட்டியை எந்த ஓர் இடம் எதிர்பார்த்திருக்கும்? பதிலைக் கலண்டரில் எழுதுங்கள்.