வாடிக்கையாளர் எங்கிருந்து பார்க்கிறார்? இணையதளச் சம்மதம் பற்றி வணிகர்கள் அறிய வேண்டியவை

நம் உறுப்பினர்களில் சிலர் மசாலாப் பொடி, கருப்பட்டி, அப்பளம் முதலிய சரக்குகளை இணையதளம் வழியாகவும் விற்று வருகிறார்கள். உள்ளூர் ஆர்டருக்காகத் தொடங்கிய தளத்தை பாரிஸிலும் லண்டனிலும் இருக்கும் தமிழர்களும் திறந்து பார்க்கிறார்கள். அப்படி வருகிறவரைப் பற்றித் தளம் எதைக் குறித்து வைக்கலாம், அதற்கு எப்படிச் சம்மதம் கேட்க வேண்டும் என்ற சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. தெரியாமல் இருந்தால் அபராதத்துக்கு இடமுண்டு. அந்த அபராதத்தைச் சொல்லிப் பயமுறுத்தி, வேண்டாத சேவையை நம் தலையில் கட்டுபவர்களும் உண்டு. இரண்டிலிருந்தும் தப்ப, விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்வோம்.

குக்கி என்றால் என்ன?

நம் தளத்தைத் திறப்பவரின் போனிலோ கம்ப்யூட்டரிலோ தளம் எழுதி வைக்கும் சிறு குறிப்பே குக்கி. இதில் இரண்டு வகை. கூடையில் போட்ட சரக்கு மறையாமல் இருக்கவும், உள்நுழைந்தவரை அடையாளம் காணவும் பயன்படுவது ஒரு வகை. இது இல்லாமல் வியாபாரம் நடக்காது. வந்தவர் எந்தப் பக்கத்தைப் பார்த்தார், எவ்வளவு நேரம் நின்றார் என்று குறித்து, விளம்பர நிறுவனங்களுக்கும் அனுப்புவது மற்றொரு வகை. சட்டம் முக்கியமாகக் கவனிப்பது இந்த இரண்டாவது வகையைத்தான்.

நாட்டுக்கு நாடு விதி

சரக்கு தமிழ்நாட்டுக்குள் போனால் பில்லில் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்றும், வெளிமாநிலம் போனால் ஐ.ஜி.எஸ்.டி. என்றும் போடுகிறோம். வரி எது என்பதைச் சரக்கு போய்ச் சேரும் இடம் தீர்மானிப்பதுபோல, சம்மத விதியைப் பார்ப்பவர் இருக்கும் இடம் தீர்மானிக்கிறது. அவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பது கேள்வியல்ல. பாரிஸுக்குச் சுற்றுலா போன மதுரைக்காரருக்கும் அங்கே இருக்கும்வரை ஐரோப்பியப் பாதுகாப்பு உண்டு.

ஐரோப்பிய ஒன்றியம்: ஜி.டி.பி.ஆர். என்னும் சட்டம் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ளது. குக்கி பற்றிய தனி விதி அதற்கும் முந்தியது. அவசியமான குக்கி தவிர மற்றவற்றுக்கு முன்கூட்டியே சம்மதம் பெற வேண்டும். கட்டத்தில் நாமே டிக் போட்டு வைத்தால் அது சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1-ல் தீர்ப்பளித்தது. ஏற்பது எளிதாகவும் மறுப்பது சிரமமாகவும் இருந்த காரணத்துக்காக பிரான்ஸின் கண்காணிப்பு அமைப்பு கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது.

கலிபோர்னியா: 2020 ஜனவரி 1 முதல் உள்ள சட்டப்படி முன்சம்மதம் பொதுவாகத் தேவையில்லை. ஆனால் 'என் விவரத்தை விற்காதே, பகிராதே' என்று சொல்ல வாடிக்கையாளருக்கு வழி வைக்க வேண்டும். பெரிய வருவாய் உள்ள நிறுவனங்களுக்கும், லட்சம் பேர் அளவில் விவரங்களை வாங்கி விற்பவர்களுக்கும், அதையே முக்கிய வருமானமாகக் கொண்டவர்களுக்கும் உரிய சட்டம் இது. சிறு வணிகர் பெரும்பாலும் இதற்குள் வருவதில்லை.

இந்தியா: டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அந்த அறிவிப்பின்படி, சம்மதம் தொடர்பான முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பின் அமலாகும். சம்மதம் தெளிவானதாக, வாடிக்கையாளர் தாமே செய்யும் செயலால் தெரிவிப்பதாக இருக்க வேண்டும். அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட 22 மொழிகளில் ஒன்றிலும் படிக்க வசதி தர வேண்டும். சம்மதம் கொடுத்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும்.

ஐரோப்பியச் சட்டம் நம்மைப் பிடிக்குமா?

தளத்தை அங்கிருந்து யாரோ திறந்து பார்த்தார் என்பதால் மட்டும் பிடிக்காது. விருதுநகரில் மல்லிப்பொடி விற்கும் கடை ஒன்று, ரூபாயில் விலை போட்டு, இந்தியாவுக்குள் மட்டும் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஐரோப்பியரை நாடி வியாபாரம் செய்வதாகாது. அதே கடை யூரோவில் விலை காட்டி, 'பிரான்ஸுக்கு அனுப்புகிறோம்' என்று எழுதினால் நிலைமை மாறிவிடும். ஐரோப்பாவில் இருப்பவர்களின் நடவடிக்கையைப் பின்தொடர்ந்து கண்காணித்தாலும் சட்டம் பொருந்தும். விற்பனையே நடக்காவிட்டாலும் கண்காணிப்பு வினை தேடித் தரலாம் என்பதை மறக்கக் கூடாது.

இடத்தைத் தளம் எப்படி அறிகிறது?

இணையத்துக்கு வரும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஐ.பி. எண் ஒன்று உண்டு. எந்த எண் வரிசை எந்த நாட்டில் பயன்படுகிறது என்ற பட்டியலோடு ஒப்பிட்டு, மென்பொருள் நாட்டைக் கணிக்கிறது. நாடு பெரும்பாலும் சரியாக இருக்கும். ஊர் அடிக்கடி தவறும். வி.பி.என். பயன்படுத்துகிறவர் பாரிஸிலிருந்து கொண்டே சிங்கப்பூரில் இருப்பதுபோலத் தெரியலாம். ஆகவே இந்தக் கணிப்பை முழுதும் நம்ப முடியாது. நாடு எதுவென்று தெரியாதவருக்குக் கடுமையான விதியையே பயன்படுத்துவதுதான் பாதுகாப்பு.

தளம் அமைப்பவரிடம் கேட்க வேண்டியவை

1. சம்மதம் கிடைக்கும் முன்பே கண்காணிப்பு ஓடுகிறதா? பல தளங்களில் 'ஏற்கிறேன்' என்ற பலகை மட்டும் தொங்கும். பின்னால் எல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். இந்தப் பலகையால் பயனில்லை.

2. 'மறுக்கிறேன்' பொத்தான் முதல் பக்கத்திலேயே, 'ஏற்கிறேன்' அளவுக்கே தெளிவாக இருக்கிறதா?

3. ஐரோப்பியப் பட்டியலில் ஒன்றியத்தின் 27 நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் சேர்ந்துள்ளனவா? ஒன்றியத்தை விட்டு விலகிய பிரிட்டனிலும் இதே போன்ற சட்டம் உண்டு. அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

4. வேகத்துக்காகச் சேமித்து வைக்கும் பக்க நகல், இந்தியருக்குக் காட்டியதையே பிரான்ஸிலிருந்து பார்ப்பவருக்கும் காட்டிவிடுகிறதா?

5. நாட்டைக் கண்டறிந்த பிறகும் ஐ.பி. எண்ணைச் சேமித்து வைக்கிறார்களா? அதுவும் தனிநபர் விவரமே. வேலை முடிந்தால் விட்டுவிடலாம்.

இவற்றைச் சோதிக்கச் செலவில்லை. வெளிநாட்டில் உள்ள உறவினரைத் தளத்தைத் திறக்கச் சொல்லி, அவர் திரையில் தெரிவதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும்.

நம் பரிந்துரை

நாட்டுக்கு ஒரு முறை வைப்பது பெரிய நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகலாம். சட்டம் மாறும்போதெல்லாம் அதையும் மாற்ற வேண்டும். அதற்குச் செலவு உண்டு. இந்தியச் சட்டமும் தெளிவான சம்மதம் கேட்கும் திசையில்தான் போகிறது. எனவே எல்லோரிடமும் முன்கூட்டியே கேட்பது என்ற ஒரே முறையைச் சிறு வணிகர் வைத்துக்கொள்வது நல்லது.

அதற்கும் முன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. தளத்தில் உள்ள கண்காணிப்புக் கருவிகளைப் பட்டியல் எடுங்கள். கடந்த ஓராண்டில் அவற்றின் அறிக்கையை ஒருமுறையாவது பார்த்துக் கொள்முதலையோ விலையையோ மாற்றினீர்களா? இல்லையென்றால் அந்தக் கருவியை எடுத்துவிடுங்கள். அவசியமான குக்கி மட்டும் மிஞ்சினால், சம்மதப் பலகைக்கே வேலை இல்லாமல் போகலாம். விற்காத சரக்கைக் கிடங்கில் அடைத்து வைப்பது எப்படி நஷ்டமோ, பயன்படாத விவரத்தைச் சேர்த்து வைப்பதும் அப்படித்தான்.