தலையாட்டிய கணக்கு

போன வருஷம் ஆடி மாசம், ஒரு காலை நேரம். கடையில் நல்ல கூட்டம். போனில் சித்தப்பா மகன். "பெரியம்மா தவறிட்டாங்கண்ணா" என்றான். என் காதில் விழுந்தது "பெரியம்மா வந்துட்டாங்கண்ணா". திருப்பூரில் மகள் வீட்டில் இருந்தவர் ஊர் திரும்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம்டா, சாயங்காலம் வந்து பாக்கறேன்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அழுதிருக்கிறான். எனக்கு அது சிரிப்பு மாதிரிதான் கேட்டது.

அன்றைக்கு என் இரண்டு காதிலும் மெஷின் (காதொலிக் கருவி) இருந்தது. பேட்டரியும் புதிது. 2016-இல் வாங்கிய ஜோடி, எட்டு வருஷமாக உழைத்துக்கொண்டிருந்தது. 'நம்ம மெஷினுக்கு ஒண்ணும் இல்லை' என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

குமாரபாளையத்தில் 24 வருஷம் விசைத்தறி ஓட்டியவன் நான். தறிக்கூடத்துச் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். காதில் பஞ்சு வைக்கும் பழக்கம்கூட அப்போது எங்களில் யாருக்கும் இல்லை. இப்படிச் சத்தத்தால் கெடும் காது, முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிற உயர்ந்த ஒலிகளைத்தான் இழக்கும். 'த', 'ச', 'க' எல்லாம் மங்கிப்போய், சொல்லின் வால் மட்டும் மிஞ்சும். மிச்சத்தை மூளை தன் இஷ்டத்துக்கு இட்டு நிரப்பிக்கொள்ளும். 'தவறிட்டாங்க', 'வந்துட்டாங்க' ஆனது அப்படித்தான்.

தறிக்காரர்களுக்கு இன்னொரு வித்தையும் உண்டு. ஓடுகிற தறிகளுக்கு நடுவே உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். அந்த வித்தைதான் என்னை ஏமாற்றியது. எதிரில் நிற்பவர் பேசினால் பாதியைக் கண்ணாலேயே கேட்டுவிடுவேன். போனில் முகம் கிடையாது, குட்டு வெளிப்பட்டுவிட்டது.

அவசரப்பட்ட கதை

மெஷினை இப்படிக் கண்மூடி நம்பியதற்கு நேர்மாறான தப்பையும் நான் செய்யப் பார்த்திருக்கிறேன். மெஷின் வாங்கிய மூன்றாம் வருஷம் வலது காதில் விசில் அடிக்க ஆரம்பித்தது. கேட்பதும் குறைந்தது. மெஷின் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். காதைக்கூடப் பார்க்காமல், "இது பழைய மாடல், மாத்திருங்க" என்று விலைப்பட்டியலை நீட்டினார்கள். முன்பணம் கொடுக்கப் பையில் கை விட்டபோது, "எதுக்கும் காது டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டிடலாமுங்க" என்று என் வீட்டுக்காரி தடுத்தார். டாக்டர் காதிலிருந்து குரும்பியை எடுத்துப் போட்டார். விசில் நின்றது. கேட்பதும் பழையபடி ஆனது.

அதிலிருந்து, மெஷின்மேல் சந்தேகம் வந்தால் இந்த வரிசையில்தான் பார்க்கிறேன்.

முதலில் காது. குரும்பி அடைத்திருந்தால் எந்த மெஷினும் விசிலடிக்கும். டாக்டரிடம் காட்டி எடுங்கள், நீங்களே குச்சி விட்டுக் குடையாதீர்கள். திடீரென்று ஒரு காது மட்டும் கேட்காமல் போனாலோ, வலியோ சீழோ இருந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அது மெஷின் விஷயம் அல்ல.

அடுத்து பேட்டரி. ஸ்டிக்கரைப் பிரித்ததும் காற்றுப் பட்டு வேலை செய்யத் தொடங்குகிற வகை இது. பிரித்து ஒரு நிமிஷம் வைத்திருந்து போடுவது நல்லது. பிரித்த பிறகு சும்மா வைத்திருந்தாலும் தீர்ந்துபோகும். என் மெஷினுக்கு ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய 13-ஆம் நம்பர். சீக்கிரம் தீர்ந்தால் வேறு அட்டையிலிருந்து ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மெஷினைக் குறை சொல்வேன்.

பிறகு டியூப். காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினிலிருந்து, காதுக்குள் பொருந்தும் மோல்டுக்குப் போகும் டியூப் சில மாதங்களில் மஞ்சளாகி விறைத்துப்போகும். விரிசல் விட்டால் விசில் வரும். மாற்ற ஆகும் செலவு சொற்பம். வயதானால் காதின் வடிவமும் மாறும், மோல்டு தளரும். அதற்குப் புது மோல்டு போதும், புது மெஷின் வேண்டியதில்லை. ஸ்பீக்கர் காதுக்குள்ளேயே உட்காரும் வகை என்றால், நுனியில் இருக்கும் சின்ன வடிகட்டியை மாற்றிப் பாருங்கள்.

கடைசியாக மைக். நம் ஊரில் தேங்காய் எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து மைக் துளையை மெழுகிவிடும். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு மெஷினைத் தொடாதீர்கள். ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் வைத்தால் ஆயுள் கூடும்.

தாமதித்த கதை

பெரியம்மா காரியம் முடிந்ததும் ஈரோட்டில் ஒரு ஆடியாலஜிஸ்டைப் பார்த்தேன். மகள் வயதுப் பெண். "கடைசியா எப்பங்கய்யா ஆடியோகிராம் எடுத்தீங்க?" என்றதும் விழித்தேன். ஆறு வருஷம் ஆகியிருந்தது. காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் அந்தச் சோதனையை வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து, அதற்கேற்ப மெஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்துத் திருத்தியிருக்க வேண்டுமாம். ஆறு வருஷத்துக்கு முந்தைய காதுக்கான அளவை இன்றைய காதில் மாட்டித் திரிந்திருக்கிறேன்.

அந்தப் பெண் புதிதாக ஆடியோகிராம் எடுத்தார். மெஷின்களைச் சோதனைப் பெட்டியில் வைத்து அளந்தார். வலது மெஷினில் மைக் சோர்ந்துவிட்டது. இடது மெஷின் சரியாகத்தான் வேலை செய்தது, ஆனால் என் காது அதன் சக்தியைத் தாண்டிக் கீழே போய்விட்டது. சத்தத்தைக் கூட்டினால் கத்தியது, குறைத்தால் கேட்கவில்லை. வலதுக்கு உதிரி பாகமும் கிடைக்கவில்லை, அந்த மாடலையே நிறுத்திவிட்டார்களாம். பொதுவாக ஐந்து வருஷத்தைத் தாண்டினாலே மெஷினை மாற்ற வேண்டுமா என்று யோசிக்க ஆரம்பிக்க வேண்டும் என்றார்.

எனக்கு ஏன் தெரியவில்லை? கட்டுகிற வேட்டி பழுப்பேறுவது கட்டுகிறவனுக்குத் தெரியாது. பக்கத்தில் ஒருவன் புது வேட்டியோடு வந்து நிற்க வேண்டும். மெஷினும் தினம் துளித்துளியாகத்தான் மங்குகிறது, மூளை அதற்குப் பழகிவிடுகிறது. ஆனால் சுற்றி இருப்பவர்களுக்குத் தெரியும். வீட்டுக்காரி ஒரு வாரம் தினசரிக் காலண்டரில் கோடு போட்டு வைத்திருந்தார். "என்னுங்க இது?" என்றேன். "நீங்க கேக்காமயே ஆமான்னு தலையாட்டுன கணக்குங்க" என்றார். எண்ணினேன். 31 கோடு.

மெஷினை மாற்ற வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்கிறேன். ஒரு வாரம் வீட்டில் யாரையாவது கோடு போடச் சொல்லுங்கள். முகம் பார்க்காமல் பேசச் சொல்லியும் போனிலும் கேட்டுப் பாருங்கள். காது சுத்தம், பேட்டரி சரி, டியூப் புதிது, ஆடியோகிராமுக்கு ஏற்பத் திருத்தியும் ஆயிற்று, அப்படியும் கோடு குறையவில்லை என்றால் மெஷினுக்கு விடை கொடுக்கிற நேரம் வந்துவிட்டது. பத்து நாள் வந்த பேட்டரி, அட்டை மாற்றியும் ஐந்து நாளில் தீர்வது, ஒரே வருஷத்தில் மூன்றாவது ரிப்பேர், உதிரி பாகம் இல்லை என்ற பதில், இவையும் அதையேதான் சொல்கின்றன.

வாங்கும்போது

அமைதியான அறையில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் கேட்கும். நான் சோதனைக்கு வாங்கி வந்து கடையிலும் டவுன் பஸ்ஸிலும் மாட்டிப் பார்த்தேன். திருத்துவதற்குத் தனிக் கட்டணமா, வாரண்டி எத்தனை வருஷம், ரிப்பேர் உள்ளூரிலேயே நடக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். காதொலிக் கருவிக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லைப் பாருங்கள். எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி பெரிதாக்கும் மலிவுக் கருவிகளை ஆடியோகிராம் இல்லாமல் வாங்காதீர்கள். பணம் இடித்தால், மாற்றுத் திறனாளிகள் நலத்துறை இலவசமாகக் காதொலிக் கருவி தருகிறது. மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

புது மெஷின் முதல் இரண்டு வாரம் தொல்லையாகத்தான் இருந்தது. பாலிதீன் பை கசங்கினால் காதில் அறைந்த மாதிரி இருக்கும். கழற்றி வைக்காமல் பொறுத்தேன், பழகிவிட்டது. மறுபடி காலண்டரில் கோடு போடச் சொன்னேன். ஆறு. கூட்டத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இப்போதும் தடுமாற்றம்தான். எந்த மெஷினும் பழைய காதைத் திருப்பித் தராது. அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். தலையாட்டுவதற்குப் பதில், கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் சித்தப்பா மகன் போன் பண்ணினான், பெரியம்மாவின் முதல் வருஷத் திவசத்துக்கு. "புதன்கிழமை, காலையில பத்து மணி. பெரியம்மா திவசம். சரிதானே?" என்றேன்.

"சரிதாண்ணா" என்று சிரித்தான். இந்தத் தடவை சிரிப்பு சிரிப்பாகவே கேட்டது.