கையிலுள்ள காசு யாருடையது?

உயர்தரத்தில் கணக்கீடு கற்கும் எம்மில் பலர், 'இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்குகள்' என்ற பகுதியை இலகுவானது என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். அங்கே வியாபாரமும் இல்லை, இலாபமும் இல்லை. சந்தாவைச் சீராக்கத் தெரிந்தால் போதும் என்பது பொதுவான கணிப்பு. என் எண்ணம் வேறு. கடைக்காரர் கணக்கில் பிசகினால் நட்டம் அவருக்கு. ஊர்ச் சங்கத்தின் கணக்கு பிசகினால் நட்டம், பொதுக்கூட்டத்துக்கு ஒருநாளும் வராத ஓர் ஏழைப் பெண்ணுக்கு. எப்படி என்பதை ஓர் உதாரணத்தின் மூலம் பார்ப்போம். தொகைகள் நான் அமைத்தவை.

ஒரு மஹல்லாவில் பள்ளிவாசலோடு இணைந்த நலன்புரிச் சங்கம் இருக்கிறது. அங்கத்தவர் 120 பேர். மாதச் சந்தா 100 ரூபா. வருட ஆரம்பத்தில் கையில் 42,000 ரூபா. வருடத்தில் சந்தாவாக 150,000, பள்ளிவாசல் கூரை வேலைக்கென்று ஒருவர் தந்த நன்கொடை 200,000, ஸகாத் 80,000 கிடைத்தன. ஜனாஸாச் செலவு 70,000, பராமரிப்பாளர் கொடுப்பனவு 36,000, மையித்துக் குளிப்பாட்டும் மேசை 60,000, பகிர்ந்தளித்த ஸகாத் 50,000. மீதி 256,000 ரூபா.

இதுதான் பெறுவனவு கொடுப்பனவுக் கணக்கு. காசேட்டின் சுருக்கம், அவ்வளவே. ஆனால் பல ஊர்களில் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படுவதும் இது ஒன்றுதான். இரண்டரை இலட்சம் இருக்கிறது என்று கேட்டவுடன் ஒருவர் மண்டபத்துக்குக் கதிரை வாங்கலாம் என்பார், இன்னொருவர் இப்தார் ஏற்பாட்டைப் பெரிதாகச் செய்யலாம் என்பார். சபையும் தலையாட்டும்.

சற்றுப் பொறுங்கள். கிடைத்த சந்தாவில் 18,000 கடந்த வருட நிலுவை. 6,000 அடுத்த வருடத்துக்கான முற்பணம். ஆக, இவ்வருடத்துக்கெனக் கிடைத்தது 126,000 மட்டுமே. 120 பேரின் வருடச் சந்தா 144,000 என்பதால் இன்னும் 18,000 வரவேண்டியிருக்கிறது. வருமானச் செலவினக் கணக்கில் எழுதவேண்டியது காசாக வந்த 150,000 அல்ல, இவ்வருடத்துக்குரிய 144,000. இதுவே அட்டுறு அடிப்படை. மேசை பத்து வருடம் உழைக்குமென்றால் இவ்வருடச் செலவு அதன் பெறுமானத்தேய்வு 6,000 மட்டுமே. செலவினம் மொத்தம் 112,000, மிகை 32,000. இதை நாம் இலாபம் என்று சொல்வதில்லை. பங்கிட்டுக்கொள்ள இங்கே உரிமையாளர் எவரும் இல்லை. அது திரண்ட நிதியத்தில் சேரும்.

கூரைக்கு வந்த 200,000 இந்தக் கணக்கில் ஏன் இல்லை? அது ஒரு நோக்கத்துக்காகத் தரப்பட்டது. கட்டிட நிதியம் என்று தனியாகவே நிற்கவேண்டும். ஸகாத்தின் நிலை இன்னும் கண்டிப்பானது. அது யாருக்குரியது என்பதை அத்தவ்பா அத்தியாயத்தின் 60 ஆவது வசனம் எட்டுக் கூட்டத்தாராக வரையறுத்துவிட்டது. கொடுபடாத 30,000 சங்கத்தின் சொத்தல்ல, கொடுத்துத் தீர்க்கவேண்டிய பொறுப்பு. வீட்டில் உம்மா வேன் காசையும் மின்சாரப் பட்டியல் காசையும் தனித்தனிக் கடித உறையில் போட்டுவைப்பாரே, அதே முறைதான். இங்கே உறைக்குப் பதிலாகப் பேரேடு.

இப்போது கழித்துப் பாருங்கள். 256,000 இலிருந்து கூரைக்கு 200,000, ஸகாத் 30,000, முற்பணச் சந்தா 6,000 போனால் எஞ்சுவது வெறும் 20,000. கதிரையும் இப்தாரும் ஸகாத் காசிலேயே கைவைத்திருக்கும். எவரும் திருடவில்லை; ஆனாலும் உரியவளுக்குப் போகவேண்டியது போகாது.

நிதிநிலைமைக் கூற்று இதையே வேறு விதமாகச் சொல்லும். வருட ஆரம்பத்தில் 60,000 ஆக இருந்த திரண்ட நிதியம் 92,000 ஆகிவிட்டது. ஆனால் அதில் 54,000 மேசையாக நிற்கிறது, 18,000 வராத சந்தாவாக நிற்கிறது. காசாக இருப்பது அதே 20,000.

வக்புச் சொத்தில் இந்தப் பிரிப்பு இன்னும் தெளிவு. உமர் (ரலி) அவர்கள் கைபரில் கிடைத்த நிலம் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, மூலத்தைத் தடுத்துவைத்துப் பலனைத் தர்மம் செய்யும் வழி காட்டப்பட்டது. ஆகவே அந்நிலம் விற்கப்படவும் கூடாது, அன்பளிப்பாகவோ வாரிசுரிமையாகவோ போகவும் கூடாது. எங்கள் பாடநூல் மூலதனம், வருமானம் என்று பிரிப்பதும் இதையே. தென்னந்தோட்டத்துத் தேங்காய் விற்ற காசு வருமானம். தென்னைகளையே தறித்து விற்ற காசை வருமானத்தில் போட்டு 'இம்முறை நல்ல மிகை' என்று காட்டும் கணக்கை நான் நல்ல கணக்கு என்று சொல்லமாட்டேன், கூட்டல் சரியாக இருந்தாலும்.

அரசாங்கத்துக்கும் இலாபம் நோக்கமல்ல. வரிப் பணம் திரட்டு நிதியத்தில் சேர்கிறது. எந்தத் தலைப்பில் எவ்வளவு செலவிடலாம் என்பதைப் பாராளுமன்றம் ஒதுக்கீட்டுச் சட்டத்தின் மூலம் ஒவ்வொரு வருடமும் தீர்மானிக்கிறது. பாடசாலைக்கு ஒதுக்கியதை நினைத்தபடி வீதிக்குத் திருப்ப முடியாது. அதைச் சோதிப்பவர் கணக்காய்வாளர் தலைமை அதிபதி. அவரது அறிக்கை போய்ச்சேருவது பாராளுமன்றத்துக்கு.

பள்ளிவாசல்களுக்கு வக்புச் சட்டம் இருக்கிறது. 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டம். நம்பிக்கையாளர்கள் கணக்கு வைப்பதும் அதைச் சமர்ப்பிப்பதும் அதன்படி கடமை. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமும் (2:282) கடனை எழுதிவைப்பது, சாட்சி வைப்பது பற்றியதுதான். ஆகவே பொதுக்கூட்டத்துக்குப் போகும் வாப்பாமார் கையிருப்பு எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், அதில் ஸகாத் எவ்வளவு, கட்டிட நிதியம் எவ்வளவு, சங்கம் சுயமாகச் செலவிடக்கூடியது எவ்வளவு என்றும் கேட்கலாம். பிரித்து எழுதியிருக்கும் பொருளாளர் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார்.