காலமறிதலும் விண்ணப்பச் சுற்றும்

திருக்குறளில் வலியறிதல் 48ஆம் அதிகாரம். காலமறிதல் 49ஆம் அதிகாரம். காலத்தை ஆராயப் புகுமுன் தன் வலிமையை ஆராய்தல் வேண்டும் என்னும் கருத்து இம்முறைவைப்பில் அமைந்துள்ளதாக யான் கொள்வதுண்டு. சென்ற ஆகஸ்ட் இறுதியில் நம் கல்லூரியில் வணிகவியல் பயின்று பணியிலிருக்கும் மாணவர் ஒருவர் வந்து, "ஐயா, அமெரிக்க மேலாண்மைப் பள்ளிகளுக்கு இப்பொழுதே முதற்சுற்றில் விண்ணப்பிக்கவா, ஜனவரி வரை பொறுக்கவா?" என வினவியபோது இதுவே என் நினைவுக்கு வந்தது.

நம் நாட்டு ஐ.ஐ.எம். நிறுவனங்களின் முதன்மைப் படிப்புக்கு இவ்வினாவே எழுவதில்லை. நவம்பரில் நடைபெறும் 'கேட்' தேர்வே அங்கு வாயில். ஹார்வர்டு, ஸ்டான்போர்டு, வார்ட்டன் போன்ற பள்ளிகளோ சுற்றுமுறையைக் கையாள்கின்றன. முதற்சுற்று செப்டம்பரில், முடிவு டிசம்பரில். இரண்டாம் சுற்று ஜனவரித் தொடக்கத்தில். முடிவு மார்ச்சு இறுதியை ஒட்டி. மார்ச்சு, ஏப்ரலில் வரும் மூன்றாம் சுற்றும் சிலவிடத்து உண்டு. ஹார்வர்டு சில ஆண்டுகளாகப் பொது விண்ணப்பதாரர்க்கு இரு சுற்றுகளையே நடத்துகின்றது.

மூன்றாம் சுற்றைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. இடங்களில் பெரும்பகுதி அதற்குள் நிரம்பிவிடும். அயல்நாட்டு மாணவர் சேர்க்கை ஆவணம் பெற்று, பணச்சான்று காட்டி, விசா நேர்காணலும் முடிக்கக் காலம் போதாது. நம்மவர் அதனைத் தவிர்ப்பதே நன்று.

ஆராய்தற்குரியது முதல் இரு சுற்றுகளின் வேறுபாடே. முதற்சுற்றில் இடங்கள் யாவும் திறந்திருக்கும். தகுதி நோக்கி வழங்கப்பெறும் உதவித்தொகையும் பெரும்பாலும் அப்பொழுது குறையாதிருக்கும். வட்டிக் கடனை நாடத் தயங்கும் குடும்பங்களுக்கு இது சிறு செய்தியன்று. எனினும் ஹார்வர்டு தேவை நோக்கியே உதவித்தொகை வழங்குவதால், ஆங்கு இக்காரணம் அத்துணை வலுப்பெறாது. பள்ளிதோறும் விதியைக் கேட்டறிதல் இன்றியமையாதது.

மறுபுறம், ஒரு சேர்க்கையாண்டில் ஒரு முறையே விண்ணப்பிக்கலாம் என்பது இப்பள்ளிகளின் பொதுவிதி. செப்டம்பரில் அரைகுறையாக அனுப்பி மறுக்கப்பட்டவர் ஜனவரியில் அப்பள்ளியின் கதவைத் தட்ட இயலாது; ஓராண்டு கழிந்துவிடும். நாள் முந்தியது என்பதற்காக எந்தத் தேர்வாளரும் குறையுள்ள கட்டுரையை ஏற்கமாட்டார். விரைவை ஊக்கம் எனப் பிழைபட எண்ணுவோர் நம் மாணவருள் பலர். ஆசிரியராகிய நாமும் அவ்வாறே தூண்டிவிடுகிறோம்.

அம்மாணவரிடம் மூன்று வினாக்கள் கேட்டேன். 'ஜிமேட்' மதிப்பெண் நிறைவளிக்கிறதா? இல்லை என்றார். அத்தேர்வைப் பதினாறு நாள் இடைவெளியில் மீண்டும் எழுதலாம். பன்னிரு மாதத்தில் ஐந்து முறை வரை இசைவுண்டு. மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும். பரிந்துரைக் கடிதம் எழுதுவோர் யார்? அலுவலக மேலாளர், ஆனால் அவர் அயலூரில் இருந்தார், திரும்ப இரு வாரமாகும். இப்படிப்பு எதற்கு? இதற்குத்தான் அவர் நெடுநேரம் வாய்திறக்கவில்லை.

இரண்டு பள்ளிகளுக்கு இப்பொழுதும், எஞ்சியவற்றுக்கு ஜனவரியிலும் அனுப்பலாமே என்று பின்னர் கேட்டார். முழுமையாக ஆயத்தமானவர்க்கு அது நல்வழி. ஆயினும் முதற்சுற்றில் இடம் பெற்றவர், பலவிடத்து, இரண்டாம் சுற்று முடிவு வருமுன்னரே முன்பணம் கட்ட நேரிடும் என்பதையும் எடுத்துரைத்தேன்.

அவர் பொறுத்தார். அக்டோபரில் தேர்வை மீண்டும் எழுதினார். மேலாளரை நேரிற் கண்டு தம் பணிகளை நினைவூட்டினார். கட்டுரையை நான்கு முறை திருத்தினார். ஜனவரி முதல் வாரத்தில் விண்ணப்பங்கள் சென்றன. இம்மலர் அச்சேறும் இந்நாளில் முடிவு இன்னும் வந்திலது.