அம்மாச்சி உணவகம்: பெயரில் ஒரு கொள்கை

கேள்வி: உணவுக் கல்வி நாட்டின் கொள்கையாக மாறுவதற்கு மக்கள் பண்பாட்டின் அடையாளங்கள் உதவுமா?

பதில்: யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் உள்ள அம்மாச்சி உணவகம் இதற்கு நல்ல சான்று. இலங்கை விவசாயத் திணைக்களம் 'ஹெல போஜுன்' என்ற பெயரில் தொடங்கிய பாரம்பரிய உணவகத் திட்டமே வடக்கில் 'அம்மாச்சி' (பாட்டி) ஆயிற்று. உள்ளூர் விளைபொருளுக்குச் சந்தை, பெண்களுக்கு வருமானம், கோதுமை மாவுக்கு மாற்று ஆகியவையே அதன் நோக்கங்கள். சுற்றறிக்கை சாதிக்காததைப் பாட்டியின் பெயர் சாதித்தது. குரக்கன் பிட்டு, இலைக்கஞ்சி, உழுந்து வடை என எல்லாம் வாடிக்கையாளரின் கண்முன்னே தயாராவதால், அறிவுரை எதுவும் இல்லாமலே பாடம் நடக்கிறது. விலையும் குறைவு, அதுவன்றிப் பாட்டியின் பெயர் மட்டும் கூட்டத்தைச் சேர்த்திருக்காது.

அடையாளம் நிறமாகவும் அமையலாம். 2016இல் இலங்கை குளிர்பானங்களுக்கு வீதிச் சமிக்ஞை நிறங்களைக் கட்டாயமாக்கியது: 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு. எழுத்தறியாதவருக்கும் அது விளங்கும்.

அடையாளம் சித்திரக்கதையாகவும் அமையலாம். ஜப்பான் 2005இல் உணவுக் கல்விக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. சமையலை மையமாகக் கொண்ட 'ஒயிஷின்போ' போன்ற சித்திரக்கதைகள் அங்கே அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே வாசகரிடையே பரவியிருந்தன. இலங்கை வடக்கின் அம்மாச்சி உணவகங்களுக்கு அத்தகைய சட்டத் துணை இல்லை. திணைக்களத்தின் ஆதரவிலேயே அவை இயங்குகின்றன.