கம்ப்யூட்டர் வாங்கப் போகிறோமா? பெட்டிக்குள் என்ன என்று கேட்போம்



கறவை மாடு, தையல் மெஷின், இட்லிக் கடை என்று கடன் கேட்டு வந்த தீர்மானங்களுக்கு நடுவே இப்போது கம்ப்யூட்டருக்கும் தீர்மானம் போட்டு அனுப்புகிறீர்கள். சிவகாசிப் பக்கத்துக் குழுக்களில் இது அதிகம். காரணம் நமக்குத் தெரிந்ததுதான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை போட்டது. சரம் பின்னிய கைகளுக்கு வேலை குறைந்தது. ஆனால் அதே ஊரில் அச்சகங்கள் இருக்கின்றன. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளிவந்தால், மார்கழி வரைக்கும் டிசைன் போடுகிறவர்களுக்கு ஓயாத வேலை. டி.டி.பி. படித்த நம் பெண் பிள்ளைகள், "அம்மா, ஒரு சிஸ்டம் மட்டும் வாங்கித் தா, வீட்டிலிருந்தே வேலை எடுக்கிறேன்" என்கிறார்கள். நியாயமான ஆசை.

மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்ப்போம், மடியைப் பார்ப்போம், சுழி பார்ப்போம். கம்ப்யூட்டரில் எதைப் பார்ப்பது? போன மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: "ஏன் மதினி, பொட்டி பெருசா, கலர் கலரா லைட் எரிஞ்சா நல்ல கம்ப்யூட்டர்தானே?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்த லைட்டைப் பார்த்துத்தான் பல பேர் காசை எண்ணிக் கொடுக்கிறோம். அதனால்தான் இந்தப் பாடம்.

முதலில் வேலை, பிறகுதான் விலை

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: இந்தக் கம்ப்யூட்டரில் என்ன வேலை நடக்கப் போகிறது? குழுக் கணக்கு, வங்கி வேலை, மனு டைப் அடிப்பது, பிள்ளைகள் படிப்பு என்றால் அது சின்ன வேலை. பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை டிசைன் என்றால் பெரிய பெரிய படங்களை வைத்துச் செய்கிற வேலை, கொஞ்சம் பலம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே சிஸ்டம் வாங்கச் சொல்கிறவர் நம் வேலையைக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

சின்ன வேலைதான் என்றால் இன்னொன்றும் யோசியுங்கள். 2011 முதல் அரசு பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச லேப்டாப் எத்தனை வீட்டில் பரணில் கிடக்கிறது? அதில் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டினால், பல லேப்டாப்புகள் குழுக் கணக்குப் பார்க்கிற அளவுக்கு எழுந்து உட்காரும். கடனே வேண்டாம்.

'ஐ7' என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம்

நம் உறுப்பினர் ஒருவர் குழுவில் உள்கடன் வாங்கி, மகளுக்காக ஒரு சிஸ்டம் எடுத்தார். "ஐ7 பிராசசர், 16 ஜி.பி. ராம், 1000 ஜி.பி. டிஸ்க்" என்று சொல்லி விற்றார்கள். புதுக் கேபினட், பளபளப்பு. ஆறு மாதத்தில் திணற ஆரம்பித்தது. திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது ஐ7-2600. அது 2011-ல் வந்த பிராசசர். எங்கேயோ ஒரு ஆபீஸில் ஓய்வு பெற்றதைப் புதுச் சட்டை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். விற்றவர் சொன்னது பொய்யும் இல்லை. ஐ7 என்றார், ஐ7 இருந்தது. கடன் தவணை மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

விருதுநகர்ச் சந்தையில் வத்தல் மூட்டையை மேலாகப் பார்த்து யாராவது வாங்குவார்களா? கையை உள்ளே விட்டு அடி வத்தலை எடுத்துப் பார்ப்போம். பிராசசருக்கு அடி வத்தல் என்பது பெயருக்குப் பின்னால் வருகிற எண். ஐ7-2600 என்றால் முதல் எண் 2, அதாவது இரண்டாம் தலைமுறை. ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-ல் வந்தது. பெயரில் சின்னதான அந்த ஐ3, பல வேலைகளில் பழைய ஐ7-ஐ விட இரண்டு மடங்கு வேகம். கரண்டும் குறைவாக இழுக்கும்.

எண்ணைப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கொடுத்து வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. அடுத்ததான விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று அவர்கள் விதி. ஏ.எம்.டி. ரைசன் என்றால் பெரும்பாலும் 2000 வரிசை முதல். அதற்கு முந்தியதைக் குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுப்பார்கள். அந்தக் கம்ப்யூட்டரில்தான் நாம் குழுவின் வங்கிக் கணக்கைத் திறக்கப் போகிறோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணுக்குப் பின்னால் ஒரு எழுத்தும் வரும், அதையும் விடாதீர்கள். இன்டெல்லில் 'எஃப்' என்று முடிந்தால் (ஐ3-12100எஃப் மாதிரி) அதற்குள் படம் காட்டும் பகுதி கிடையாது. விலை கொஞ்சம் குறைவு என்று எடுத்து வந்தால் திரையில் ஒன்றும் வராது, தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கணும். ஏ.எம்.டி.யில் ரைசன் 5 5600ஜி-க்கு உள்ளேயே அது உண்டு, வெறும் 5600-க்குக் கிடையாது. லேபிள், காலண்டர் டிசைனுக்குத் தனிக் கிராபிக்ஸ் கார்டு அவசியம் இல்லை. தம்பிமார்கள் "கட்டாயம் வேணும்மா" என்று சொன்னால் அது கேம் விளையாடத்தான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

மதர்போர்டு பிராசசருக்கு ஜோடி. இன்டெல் போர்டில் ஏ.எம்.டி. உட்காராது. ராமும் போர்டோடு பொருந்த வேண்டும்: டி.டி.ஆர்.4 போர்டில் டி.டி.ஆர்.5 ராம் நுழையவே நுழையாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. மதுரையில் ஒன்று, சென்னை ரிச்சி தெருவில் ஒன்று என்று மலிவைத் தேடித் தனித்தனியாக வாங்கினால் இந்தச் சிக்கல் வரும். முதல் தடவை வாங்குகிறவர்கள் எல்லாப் பாகத்தையும் ஒரே கடையில், அவர்களே பூட்டி ஓட்டிக் காட்டும்படி வாங்குவதுதான் நல்லது என்பது நம் கருத்து. நூறு இருநூறு கூடப் போனாலும் பரவாயில்லை.

ராம், எஸ்.எஸ்.டி.

தீப்பெட்டி ஒட்ட உட்காரும்போது முன்னால் விரித்து வைக்கிற இடம்தான் ராம். இடம் பெரிதாக இருந்தால் பசை, அட்டை, ஒட்டின பெட்டி எல்லாம் கைக்கு எட்டும். சின்னதாக இருந்தால் எடுத்து எடுத்து வைக்கணும், நேரம் போகும். வேலை முடிந்து எல்லாவற்றையும் அடுக்கி வைக்கிற பீரோதான் டிஸ்க். கரண்டு போனால் ராமில் இருப்பது அழிந்துவிடும், பீரோவில் வைத்தது இருக்கும்.

கணக்கு வேலைக்கு 8 ஜி.பி. ராம் போதும். டிசைன் வேலைக்கு 16. இப்போது கையில் காசு இல்லையென்றால், 8-ஐ ஒரே துண்டாகப் போட்டு, போர்டில் இன்னொரு ஸ்லாட்டைக் காலியாக விடச் சொல்லுங்கள். சீசனில் பணம் வந்ததும் இன்னொரு 8 சேர்க்கலாம்.

டிஸ்க்கில் சமரசம் வேண்டாம். பழைய மாடல் ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுற்றும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற சாமானே கிடையாது. ஒரு நொடியில் ஹார்டு டிஸ்க் 100, 150 எம்.பி. படித்தால் சாதாரண எஸ்.எஸ்.டி. 500 எம்.பி. படிக்கும், போர்டில் நேராகக் குத்துகிற என்.வி.எம்.இ. வகை அதற்கும் பல மடங்கு. "1000 ஜி.பி." என்று சொன்னால் மயங்காதீர்கள், 'அது ஹார்டு டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா' என்று கேளுங்கள். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போட்ட சிஸ்டம், 1000 ஜி.பி. ஹார்டு டிஸ்க் மட்டும் போட்டதை விட நம் வேலைக்கு மேல். பழைய டிசைன்களைப் பத்திரப்படுத்த ஒரு ஹார்டு டிஸ்க் தனியாகப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

விலை பற்றி ஒன்று. 2025 கடைசி மாதங்களில் ராம், எஸ்.எஸ்.டி. விலை உலகம் முழுக்க ஏறியது. ராம் சிப்பில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள்தான். செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய பெரிய கம்ப்யூட்டர் கூடங்கள் அந்தச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போயின. மைக்ரான், குரூசியல் என்ற பெயரில் கடைகளில் விற்பதையே நிறுத்தப் போவதாக 2025 டிசம்பரில் சொல்லிவிட்டது. அதனால் போன வருடம் பக்கத்து வீட்டில் வாங்கிய விலையை வைத்துத் தீர்மானம் எழுத வேண்டாம். வாங்கும் வாரத்தில் விலைப்புள்ளி கேளுங்கள். இந்த இதழில் நாம் ரூபாய்க் கணக்கு அச்சிடாததும் அதனால்தான்.

பதிலாகப் பங்குக் கணக்கு சொல்கிறோம். மானிட்டரையும் சேர்த்து நூறு ரூபாய் என்று வையுங்கள். டிசைன் வேலைக்குப் பிராசசருக்கு 25, போர்டுக்கு 15, ராமுக்கு 18, எஸ்.எஸ்.டி.க்கு 10, கேபினட்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் 10, மானிட்டர் 18, கீபோர்டு மவுஸ் 4. இது சட்டம் இல்லை, ஒரு மட்டம். கடைக்காரர் கொடுத்த தாளில் கேபினட்டுக்கு 15-க்கு மேல் போய், ராம் ஒல்லியாக இருந்தால் நிறுத்திக் கேளுங்கள். யு.பி.எஸ்., பிரிண்டர் இதில் சேராது. அதற்குத் தனியாக ஒதுக்காமல் கடன் கேட்டால் பிறகு கந்துவட்டிக்குத்தான் போக வேண்டிவரும்.

மானிட்டருக்குச் செலவைக் குறைக்க நினைத்தால் நல்ல நிலையில் உள்ள பழையது வாங்கலாம், தப்பில்லை. டிசைன் வேலை என்றால் ஐ.பி.எஸ். வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்திலிருந்து பார்த்தாலும் கலர் மாறாது. (எந்த மானிட்டரிலும் பளிச்சென்று தெரிகிற சில பச்சையும் நீலமும் அச்சில் மங்கத்தான் செய்யும். அது மானிட்டர் குற்றம் இல்லை, ஒளியில் காட்டும் கலரும் மையில் அடிக்கும் கலரும் வேறு. முதல் ஆர்டருக்கு முன் ஒரு மாதிரித் தாள் அடித்துப் பாருங்கள்.) ஆனால் பழைய எஸ்.எம்.பி.எஸ்., பழைய டிஸ்க் இரண்டையும் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத சாமான்

எஸ்.எம்.பி.எஸ். என்பது சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டாகப் பிரித்துக் கொடுக்கிற டப்பா. யாரும் இதைப் பற்றிக் கேட்பதில்லை. அதனால்தான் இதில்தான் அதிகம் மிச்சம் பிடிக்கிறார்கள். கேபினட்டோடு 'ஃப்ரீ' என்று வருவதில் "450 வாட்" என்று ஸ்டிக்கர் இருக்கும், தூக்கிப் பார்த்தால் வெறும் டப்பா மாதிரி லேசாக இருக்கும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டம் சாதாரண வேலையில் 100 வாட்டுக்குள்தான் இழுக்கும், ஆகவே பெரிய எண் நமக்குத் தேவையில்லை, யோக்கியமான எண்தான் தேவை. '80 பிளஸ்' முத்திரை உள்ளதைக் கேளுங்கள். மட்டமான எஸ்.எம்.பி.எஸ். போகும்போது சில நேரம் போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

யு.பி.எஸ். 600 வி.ஏ. அளவு போதும். கரண்டு போனால் வேலையைச் சேமித்து அணைக்க நேரம் கிடைக்கும், அதற்குத்தான் அது. லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் சொருகக் கூடாது, அது சூடாகும்போது இழுக்கிற கரண்டை யு.பி.எஸ். தாங்காது.

எர்த் இல்லாத வீட்டில் கேபினட்டைத் தொட்டால் 'சுருக்' என்று இழுக்கும். "லேசாத்தான் அடிக்குது" என்று மூன்றாவது பின்னை ஒடித்துப் போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. வெறுங்காலோடு, ஈரக் கையோடு பிள்ளைகள் தொடுவார்கள். சிஸ்டம் வருவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போட்டுவிடுங்கள். அந்தச் செலவையும் கடன் மனுவில் எழுதலாம், நாம் ஒத்துக்கொள்வோம்.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம். பட்டாசு ஆலையிலிருந்து வரும்போது உடம்பிலும் துணியிலும் வெள்ளியாக மின்னுகிறதே, அது அலுமினியப் பொடி. உலோகம். போர்டில் படிந்தால் சாதாரணத் தூசியை விடக் கெடுதல். குளித்து, துணி மாற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் வரட்டும். கேபினட்டைத் தரையில் வைக்காமல் மேஜை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். நம் வெயிலுக்குக் காற்று போக வழி வேண்டும்.

சாஃப்ட்வேர் செலவு

கடையில் கள்ளக் காப்பி ஏற்றி "எல்லாம் போட்டாச்சு" என்பார்கள். அதோடு வைரஸும் வரலாம். கணக்கு, மனு வேலைக்கு உபுண்டு மாதிரி லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் இலவசம், முறையானது, தமிழிலும் வேலை செய்யும். டிசைனுக்கு இங்க்ஸ்கேப், கிம்ப் இலவசம். ஆனால் சிவகாசியில் பல இடங்களில் கோரல் டிரா ஃபைல்தான் கேட்கிறார்கள். ஆகவே மகள் எந்த அச்சகத்துக்கு வேலை செய்யப் போகிறாளோ அங்கே முதலில் கேளுங்கள்: பி.டி.எஃப். கொடுத்தால் எடுத்துக்கொள்வீர்களா? இல்லை என்றால் கோரல் டிரா உரிமச் செலவு பெரியது, அதைச் சேர்த்த பிறகும் இந்தத் தொழில் கட்டுமா என்று குழுவில் பேசுங்கள்.

பில் போடும் நாள்

மூன்று கடையில் விலைப்புள்ளி. "ஒரு கம்ப்யூட்டர் செட்" என்று மொத்தமாக எழுதியதை ஏற்க வேண்டாம். ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனி, மாடல் எண், விலை, வாரண்டி எத்தனை வருடம் என்று தனி வரி வேண்டும். வாரண்டி பாகத்துக்குப் பாகம் தனி. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்த விலையா, சேர்க்காததா என்றும் கேளுங்கள். "பில் இல்லாமல்னா குறைச்சுத் தர்றேன்" என்றால் வாரண்டியும் இல்லை என்றுதான் பொருள்.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே சிஸ்டத்தைப் போடச் சொல்லுங்கள். விண்டோஸ் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள், ஒரு ஜன்னல் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியில் பிராசசரின் முழுப் பெயர், ராம் எத்தனை ஜி.பி., எத்தனை ஸ்லாட்டில் இருக்கிறது, டிஸ்க் எஸ்.எஸ்.டி.யா ஹார்டு டிஸ்க்கா எல்லாம் எழுதியிருக்கும். மகள் வாசிக்கட்டும், நீங்கள் பில்லில் வரிக்கு வரி டிக் போடுங்கள். பெட்டிகளையும் சீரியல் எண் உள்ள அட்டைகளையும் கேட்டு வாங்கி வாருங்கள். குழுப் பணத்தில் குழுவுக்கென்று வாங்கினால் அந்தச் சீரியல் எண்களை அன்றைக்கே இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.